தயிர்ச் சட்டிக்குள் தொப்பி எறியும் பங்கசு

பட்டிப் பொங்கல் முடிந்த அடுத்த கிழமை தொடங்கிய வேலை இது: தயிர்ச் சட்டியில் சாணகம் வைத்து ஒரு பங்கசை, அதாவது ஒரு வகைப் பூஞ்சணத்தை, வளர்த்துப் பார்ப்பது. மூன்று முறை வீணாய்ப் போய், நான்காவதில்தான் சரிவந்தது. மட்டக்களப்பில் மாடு இல்லாத ஊர் குறைவு. வெறுந் தயிர்ச் சட்டி இல்லாத வீடு அதைவிடக் குறைவு. இந்த இரண்டும் கிடைத்தால் யாரும் இதைச் செய்து பார்க்கலாம். அதனால் எங்கெங்கே பிழைவிட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பார்க்க ஆசைப்பட்டது பைலோபோலஸ் என்ற பங்கசை. மாடு, ஆடு, குதிரை போன்ற புல் தின்னும் மிருகங்களின் சாணகத்தில் முளைப்பது. உயரம் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர். கண்ணாடி நூல் போல ஒரு காம்பு, காம்பின் உச்சியில் நீர்க்குமிழி போல ஒரு வீக்கம், அந்தக் குமிழியின் தலையில் கறுப்பாய் ஒரு தொப்பி. தொப்பிக்குள் பல்லாயிரம் வித்திகள், அதாவது விதைபோல முளைக்கும் நுண்துகள்கள். காலையில் குமிழி உடைந்து தொப்பியை எறிந்துவிடும். கண்டபடி எறியாது, வெளிச்சம் வரும் பக்கம் குறிபார்த்து எறியும். இரண்டு மீற்றர் தூரம்கூடப் போகும். 1784 இல் டோட என்பவர் வைத்த பெயர் இது. கிரேக்கத்தில் தொப்பி எறிவது என்று பொருள். தன் உயரத்தைப்போல நூறு மடங்கு தூரம் எறியும் ஒன்று எங்கள் மாமாவின் வளவுச் சாணகத்தில் இருக்கும் என்று நினைக்கவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கட்டாயம் கண்ணால் பார்க்கவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதல் முறை கல்லடியில் வீட்டுக்குப் பக்கத்தில் கட்டி வளர்க்கும் ஒரு பசுவின் சாணகத்தை எடுத்தேன். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஈரம் போகாமல் இருக்கட்டும் என்று பொலித்தீனால் இறுக்கிக் கட்டி, யன்னல் கட்டில் வைத்தேன். இரண்டாம் நாளே மூடியின் உள்பக்கம் முழுக்க நீர் வியர்த்து ஒழுகியது. மூன்றாம் நாள் புழு. வெயில் ஏறி டப்பா கொதித்துப் போயிருந்தது. அப்படியே வாழைக்கு வெட்டித் தாட்டேன்.

இரண்டாம் முறைதான் தயிர்ச் சட்டி யோசனை வந்தது. மண் சட்டி நீரை உறிஞ்சும், மெல்ல மெல்ல வெளியே விடும், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். வாயும் அகலம். சட்டியைக் கழுவி ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, அடியில் ஈரமான பழைய பத்திரிகைத் தாளை மடித்துப் போட்டு, அதன்மேல் சாணகத்தை வைத்தேன். அதே கட்டுப் பசுவின் சாணகம்தான். மூன்றாம் நாள் வெள்ளையாய் முடி முடியாக ஒன்று எழும்பியது. ஒவ்வொரு முடியின் நுனியிலும் சாம்பல் கலந்த கறுப்புத் தலை. வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டு இரண்டு நாள் காலை காவலிருந்தேன். ஒன்றும் பாயவில்லை. மகள் பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையால் பார்த்துவிட்டு, "அப்பா, இது பாணில பூத்த பூஞ்சணம் மாதிரித்தான் கிடக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. அது மியூக்கர். சாணகத்தில் முதலில் எழும்புவது பெரும்பாலும் அதுதான். குமிழி இல்லாமல் வெறும் முடியாக நின்றால் அது நாம் தேடுவது இல்லை.

மூன்றாம் முறையும் மியூக்கரோடு நின்றுவிட்டது. அப்போதுதான் யோசித்தேன். இந்தப் பங்கசின் வித்தி மாட்டின் வயிற்றுக்குள் போய், சீரணமாகாமல் சாணகத்தோடு வெளியே வந்து முளைக்கிறது. வயிற்றுக்குள் போகவேண்டுமென்றால் வித்தி ஒட்டிய புல்லை மாடு தின்றிருக்கவேண்டும். கட்டிவைத்து வைக்கோலும் தவிடும் பிண்ணாக்கும் கொடுக்கும் பசு அந்தப் புல்லுக்கு எங்கே போகும்? நான் சட்டியைப் பார்த்தேனே தவிர மாட்டைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை வலையிறவுப் பாலம் தாண்டி படுவான்கரையில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனேன். வேளாண்மைக் காலம் என்பதால் பட்டி மாடுகள் எல்லாம் மேய்ச்சல் தரையில்தான். கன்று போட்ட மூன்று பசுக்களை மட்டும் வீட்டோடு வைத்திருந்தார். அவை பகலில் மேட்டுக்காணியில் மேய்பவை. காரியத்தைச் சொன்னேன். மாமா நாற்பது வருசமாக மாட்டோடு கிடந்தவர். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. என்னைக் காணிக்குள் கூட்டிப்போய் ஒரு இடத்தைக் காட்டினார். பழைய சாணகம் ஒன்று கிடந்தது. அதைச் சுற்றி ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், அளவுக்குப் புல் முழங்கால் உயரம் நின்றது. மற்ற இடமெல்லாம் நுனி கடிபட்டுக் கட்டையாக இருந்தது.

"மாடு தன்ட சாணகத்துக்குக் கிட்டப் புல்லுத் தின்னாது மனே. எவ்வளவு பசியெண்டாலும் சுத்திப் போகும். மறுகா மழை பெஞ்சு எல்லாம் கரைஞ்சாத்தான் வாய் வைக்கும்."

இந்தப் பங்கசு ஏன் எறிகிறது என்ற கேள்விக்கு முழுப் பதிலும் அந்த ஒரு வட்டப் புல்லில் நின்றது. காலடியில் விழுந்த வித்தியை எந்த மாடும் தின்னாது. மாடு வாய் வைக்கும் புல் ஒரு பாகத்துக்கு அப்பால் இருக்கிறது. கால் இல்லை, சிறகு இல்லை, நிற்பதோ சாணகத்தின்மேல். அந்த ஒரு பாகத்தைத் தாண்டுவதற்குத்தான் இவ்வளவு ஆயத்தமும். புத்தகங்களில் படித்ததைவிட மாமா காட்டிய புல் எனக்கு நன்றாக விளங்கியது.

அன்று காலை போட்ட, மேல்தோல் காயாத சாணகம் ஒன்றைக் கையுறை போட்டு அள்ளி வந்தேன். மண்ணும் மூத்திரமும் கலந்து மிதிபட்ட சாணகம் வேண்டாம். கட்டியாக, தனியாக விழுந்ததே நல்லது. எருமைச் சாணகம் நீர்த்தன்மை கூட என்பதால் நான் எடுக்கவில்லை. வீட்டில் இதைக் குசினிப் பக்கம் கொண்டுவராமல் பின் விறாந்தையில் வைத்தேன். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதில் பிள்ளைகளுக்குக் கண்டிப்பு வேண்டும்.

நான்காவது சட்டி. சாணகம் சட்டியின் பாதி உயரம். மேலே பழைய படச்சட்டத்தில் இருந்து கழற்றிய கண்ணாடி. சட்டியின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையில் மூன்று தீக்குச்சி வைத்தேன், காற்றுப் போய்வருவதற்கு. தண்ணீர் ஊற்றவே இல்லை. சட்டியின் வெளிச்சுவரில் மட்டும் காலையும் மாலையும் ஈரத் துணியால் ஒற்றினேன். நேர் வெயில் படாத, ஆனால் பகல் வெளிச்சம் வரும் இடம்.

மூன்றாம் நாள் வழக்கம்போல மியூக்கர். ஐந்தாம் நாள் பின்னேரம் சாணகத்தின் மேல்தோலில் மஞ்சளாய்ச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. இரவு எட்டு மணிக்கு அவற்றில் இருந்து கூரான காம்புகள் எழும்பியிருந்தன, தலை இல்லாமல். ரோச் அடித்து, போன் கெமராவை ஒரு பக்கமாகச் சாய்த்து, நெடுநேரம் படம் பிடித்தேன். அது பிழையென்று அடுத்த நாள் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆறாம் நாள் விடிய ஐந்தரைக்கு எழும்பிப் பார்த்தபோது சாணகம் முழுக்கக் குமிழிகள். கைவில்லைக்குள் ஒன்றை மட்டும் பிடித்து வைத்துப் பார்த்தேன். காம்பு தெளிந்த கண்ணாடி போல இருந்தது. அதன் உடம்பெல்லாம் நுண்ணிய நீர்த்துளிகள், பனியில் நனைந்த புல் போல. மேலே போகப்போகக் காம்பு விரிந்து முட்டை வடிவக் குமிழியாகிறது. குமிழி காம்போடு சேரும் கழுத்தில் மெல்லிய செம்மஞ்சள் வளையம். உச்சியில் கறுப்புத் தொப்பி, கடுகைவிடச் சிறியது, எண்ணெய் பூசியது போல மினுக்கம். கீழ்வானம் வெளுத்தபோது எல்லாத் தொப்பியும் ஒரே பக்கம் சாயத் தொடங்கியிருந்தன.

அந்தக் குமிழி ஒரு வில்லை. மேலிருந்து விழும் வெளிச்சத்தைக் குவித்து அடியில் உள்ள செம்மஞ்சள் வளையத்தில் விழுத்துகிறது. வெளிச்சம் நேராக வந்தால் வளையம் முழுவதிலும் சமமாக விழும். சரிவாக வந்தால் ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாக விழும். உடனே காம்பு வளர்ச்சியை மாற்றிச் சாய்ந்து, வெளிச்சம் சமமாகும்வரை தன்னைத் திருத்திக்கொள்ளும். கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் இருந்த புல்லர் இதை ஒரு எளிய கண் என்றே சொன்னார். பங்கசுகள் பற்றிய அவருடைய பெரிய ஆய்வுத் தொகுதியின் ஆறாம் பாகம், 1934 இல் வந்தது, பைலோபோலஸ் பற்றி விரிவாகப் பேசுகிறது. மூளையும் நரம்பும் இல்லாத ஒன்று பார்க்கிறது, பார்த்துக் குறிவைக்கிறது. எத்தனை தரம் நினைத்தாலும் இது எனக்குப் பழசாகவில்லை.

எட்டு மணி கழிந்து முதல் சத்தம் கேட்டது. டிக். நகத்தால் கண்ணாடியைச் சுண்டியது போல. பிறகு ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு டிக், டிக். மகள் பள்ளிக்கூடம் போகாமல் நின்று கேட்கக் கெஞ்சினாள். போனில் பதிந்து வைப்பதாகச் சொல்லி அனுப்பினேன். பதினொரு மணிக்குள் எல்லாம் ஓய்ந்துவிட்டது. நான் எவ்வளவு கண்ணை ஊன்றிப் பார்த்தும் ஒரு தொப்பி பறப்பதைக் காணவில்லை. காம்பில் தொப்பி இருக்கும். இமைத்தால் இருக்காது, காம்பு வெறுந் தோலாய்ச் சுருண்டு கிடக்கும், கண்ணாடியில் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருக்கும்.

காணாததில் வியப்பில்லை. 2008 இல் அமெரிக்காவின் ஒகையோவில் நிக்கொலஸ் மணி என்ற பங்கசு ஆய்வாளரின் குழு சாணகப் பங்கசுகள் எறிவதைச் செக்கனுக்கு 250,000 படம் வரை எடுக்கும் கெமராவால் பிடித்தது. அவை எறியும் வேகம் செக்கனுக்கு 2 முதல் 25 மீற்றர் வரை இருந்தது. புறப்படும் கணத்தில் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் இருபதாயிரம் மடங்கில் இருந்து தொடங்குகிறது. பைலோபோலஸுக்கு இந்த வலுவைக் கொடுப்பது குமிழிக்குள் அடைபட்ட சாறு. அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். கார் டயருக்குக் காற்றடிப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். தொப்பிக்குக் கீழே சுற்றிவர ஒரு மெலிந்த கோடு உண்டு. அழுத்தம் தாங்காமல் அந்தக் கோடு கிழிய, சாறு பீறிட்டுத் தொப்பியைத் தள்ளுகிறது. தொப்பியின் அடியில் பசை இருப்பதால் விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியில் ஒட்டியதை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், லேசில் வரவில்லை. புல்லில் ஒட்டினால் மழைக்கும் கழுவுப்படாது. மாடு தின்னும்வரை அங்கேயே இருக்கும்.

இனி குறிபார்ப்பது. கறுப்பு அட்டையில் ஐந்து ரூபாக் குத்தி அளவில் ஒரு ஓட்டை வெட்டி, கண்ணாடியின்மேல் வைத்து, சட்டியின் பக்கங்களையும் கறுப்புத் துணியால் சுற்றினேன். ஓட்டையை நடுவில் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தால் வந்த மகள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நடுவில ஓட்டை வச்சா, சும்மா நேர மேல எறிஞ்சாலும் அதிலதானே படும்?" நான் யோசிக்காத விசயம். ஓட்டையை விளிம்புக்கு நகர்த்தினோம், கண்ணாடியையும் துடைத்தோம். காம்புகள் ஒவ்வொரு நாளும் புதிதாக எழும்புவதால் ஒரே சட்டியில் நாலைந்து நாள் பரிசோதனை செய்யலாம்.

ஏழாம் நாள் பதினொரு மணிக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தோம். மகள் மார்க்கர் பேனையால் ஒவ்வொரு பொட்டாகத் தொட்டு எண்ணினாள். ஓட்டைக்கு நேரே 83. மற்ற இடம் முழுவதற்கும் 14. அந்தப் பதினாலிலும் பாதிக்கு மேல் ஓட்டையின் கரையில்தான். சாணகத்தின் எதிர்ப்பக்க விளிம்பில் நின்ற காம்புகள்கூடச் சட்டியின் முழு அகலத்தையும் தாண்டி அந்த ஓட்டைக்கு அடித்திருந்தன.

முதல் இரவு ரோச் அடித்த பிழையை இங்கே சொல்லவேண்டும். ஆறாம் நாள் கண்ணாடியில் பொட்டுக்கள் ஒரு பக்கம் கூடுதலாகவும், அந்தப் பக்கத்துச் சட்டிச் சுவரிலும் பல பொட்டுக்கள் ஒட்டியும் இருந்தன. ஏன் என்று விளங்கவில்லை. பிறகு இரவு எடுத்த படங்களைப் பார்த்தபோது தெரிந்தது: நான் போனை வைத்திருந்தது அதே பக்கம். இளங் காம்புகள் என் விளக்கைப் பார்த்துச் சாய்ந்து வளர்ந்திருக்கின்றன. அதற்குப் பிறகு இரவில் பார்ப்பதென்றால் ரோச்சின் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று மடிப்பாகக் கட்டினேன். நீல வெளிச்சத்துக்குத்தான் இவை வளைகின்றன. சிவப்பு அவற்றைக் குழப்பாது.

எட்டாம் நாள் அட்டையில் எதிரெதிராக இரண்டு ஓட்டை வெட்டினோம். இரண்டுக்கும் நடுவில் எறியும் என்று மகள் பந்தயம் கட்டினாள். இரண்டு ஓட்டைக்கு நேரேயும் கொத்துக் கொத்தாகப் பொட்டுக்கள். நடுவில் மிகக் குறைவு. ஒவ்வொரு காம்பும் ஏதோ ஒன்றைத் தெரிந்தெடுத்து அதற்கே அடித்திருந்தது.

மாடு வைத்திருப்பவர்கள் அறியவேண்டிய ஒன்றும் இதில் உண்டு. குளிர் நாட்டு மேய்ச்சல் தரைகளில் மாட்டின் நுரையீரலில் குடியிருந்து இருமல் கொடுக்கும் ஒரு புழு இருக்கிறது. அதன் குஞ்சு சாணகத்தோடு வெளியே வருகிறது. அதற்கும் அதே சிக்கல்: சாணகத்தை விட்டு வெளியே போனால்தான் அடுத்த மாட்டின் வாய்க்குள் போகலாம், ஆனால் நெடுந்தூரம் ஊர முடியாது. அது பைலோபோலஸின் காம்பில் ஏறி, தொப்பியில் குந்தியிருந்து, தொப்பியோடு சேர்ந்து பறக்கிறது. மாமாவுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அதுக்கும் ஒரு வழி வேணும்தானே" என்றார் பிறகு.

பத்தாம் நாளோடு தொப்பிகள் குறைந்து, சாணகத்தில் வேறு பங்கசுகள் எழும்பத் தொடங்கின. சட்டியைக் கவிழ்த்துக் கத்தரிக்குப் போட்டேன். அப்படிப் போடும்போதுதான் கிணற்றடியில் உக்கிக் கிடந்த தென்னங் குற்றியில் இன்னொன்றைக் கண்டேன். அரைச் சென்ரிமீற்றர் அகலத்தில் கிண்ணம் கிண்ணமாக ஒன்று. ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் மைசூர்ப் பருப்பைத் தட்டையாக்கியது போலச் சாம்பல் நிற முட்டைகள் நாலைந்து. பார்த்தால் குருவிக்கூடுதான். சயாதஸ் என்ற இனம். பறவைக்கூட்டுப் பங்கசு என்கிறார்கள்.

இது சொந்த வலுவில் எறிவதில்லை, மழையிடம் விட்டுவிடுகிறது. பெரிய துளி கிண்ணத்துக்குள் விழுந்தால், கிண்ணத்தின் சாய்ந்த சுவரால் நீர் மேலே தெறிக்கும்போது முட்டையும் சேர்ந்து பறக்கும். முட்டையின் அடியில் சுருட்டிவைத்த நூல் ஒன்று உண்டு, நுனியில் பசை. பறக்கும் வழியில் நூல் நீண்டு, ஏதாவது காம்பில் பட்டால் ஒட்டி, கல் கட்டிய கயிறு கம்பத்தைச் சுற்றுவது போலச் சுற்றிக்கொள்ளும். புல்லரிடம் படித்த ஹரோல்ட் பிரோடி என்பவர்தான் இந்தத் தெறிக்கிண்ணத்தை நுணுக்கமாக ஆராய்ந்தவர்.

குற்றியைத் தூக்கி விறாந்தைக்குக் கொண்டுவந்து, சுற்றிவர வெள்ளைத் தாள் விரித்து, கதிரையில் ஏறி நின்று மருந்து விடும் துளிக்குழாயால் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். முதலில் துளிகள் கிண்ணத்துக்கு வெளியே விழுந்தன. குறி சரிவர நேரம் எடுத்தது. துளி சிறிதாக இருந்தாலும் பயனில்லை; குழாயின் வாயைக் கொஞ்சம் பெரிதாக வெட்டினேன். இருபது துளிக்கு மேல் போன பிறகு ஒரு முட்டை கிளம்பியது. தாளில் தேடினோம், இல்லை. கடைசியில் மகள் கண்டுபிடித்தாள். விறாந்தைத் தூணோடு வைத்திருந்த துளசியின் காம்பில், நூல் இரண்டு சுற்றுச் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. குற்றிக்கும் துளசிக்கும் இடையில் அளந்தோம்: 62 சென்ரிமீற்றர். அந்தக் கிளையை யாரும் ஒடிக்கக்கூடாது என்று மகள் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் இருந்து மறுபடியும் சாணகம் கொண்டுவந்தேன். ஐந்தாவது சட்டி. இந்த முறை அட்டையில் ஒரே அளவில் இரண்டு ஓட்டை. ஒன்றில் நீலக் கண்ணாடித்தாள், மற்றதில் சிவப்பு. இன்று ஐந்தாம் நாள். பின்னேரம் பார்த்தேன், மஞ்சள் புள்ளிகள் வந்துவிட்டன. நாளை சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. விடிய ஐந்தரைக்கு எழுப்பச் சொல்லிவிட்டு மகள் நேரத்தோடு படுத்துவிட்டாள்.